வேலிக்கு வெளியே புதைக்கப்பட்டவள்

கோயில் வாசலிலிருந்த தீர்த்தத் தொட்டியில் தண்ணீர் இருந்தது.

விரல் நுனியை நனைத்து நெற்றிக்குக் கொண்டுபோன பிறகுதான் இன்னாசிமுத்து உபதேசியாருக்கு அது உறைத்தது. தொட்டி காய்ந்து மூன்று வாரமாகிறது. பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை சைக்கிளில் வந்து மந்திரித்து ஊற்றிவிட்டுப் போகும் தண்ணீர், சித்திரை வெயிலில் ஒரு வாரம்கூடத் தங்குவதில்லை. ஐம்பத்தாறாம் வருஷத்து அந்தக் கோடையில் சூசைபட்டியில் குடிக்கவே தண்ணீர் கிடையாது. இலுப்பூர் ரோட்டோரத்து ஊருணியிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவந்து, வீட்டுக்கு இரண்டு குடம் என்று ஊற்றினார்கள். இதை யார் நிரப்பியது? விரலை மூக்கருகே கொண்டுபோனார். பாசி வாடை. வெயில் படாத ஆழத்தில், கல்லிடுக்கில், நாள்பட்டுக் கிடந்த தண்ணீரின் வாடை.

யாரோ வேண்டுதல்காரி ஊற்றியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டு வேட்டியில் விரலைத் துடைத்தார். மாலைச் செபத்துக்கு மணியடித்தார்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊருக்கு அவர்தான் உபதேசியார். சாமியார் இல்லாத நாட்களில் செபம் சொல்வதும், சிறுசுகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும், சாகக்கிடப்பவர்களின் காதில் மந்திரம் ஓதுவதும் அவர் வேலை. செத்தவர்கள் திரும்பி வருவதில்லை, நேரே ஆண்டவரின் தீர்ப்புக்குப் போய்விடுகிறார்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அன்றும் சனங்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சிம்னி விளக்கின் புகை, வியர்வை, தலைக்கு வைத்த வேப்பெண்ணெய், எல்லாம் கலந்த பழக்கமான மணம். பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாப மந்திரத்தை அவர் எடுத்துக்கொடுக்க எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். கடைசி வரிக்குப் போகும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் அரைத் தப்படி பிந்தி வந்தது. இனி பாவம் செய்ய மாட்டேன் என்று உறுதி கொடுக்கிற இடத்தில், எல்லாரும் 'பிரதிக்கினை' என்று சொல்லிக் கடந்த பிறகு, அந்தக் குரல் அந்த வார்த்தையில் இடறியது. "பிர... பிரக்கி..."

அப்படியே நின்றுவிட்டது.

உபதேசியார் திரும்பிப் பார்த்தார். பதினாறு பெண்கள். எல்லாரும் சிலுவை வரைந்துகொண்டு எழுந்தார்கள். ஒருத்தி முகத்திலும் ஒன்றும் இல்லை.

அந்த வார்த்தை வராமல் தவித்தவள் ஊரில் ஒருத்திதான். செங்கமலம். அன்னவாசல் பக்கத்துப் பெண். சந்தியாகுவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் பெற்றாள். மூன்று மாதம் அவரிடம் மந்திரம் படித்தாள். மற்றதெல்லாம் வந்தது, பிரதிக்கினை மட்டும் வாயில் நுழையவில்லை. சொல்லிப் பார்த்து அவளே சிரிப்பாள். "இந்த ஒரு வார்த்தைய விட்டுட்டா சாமி கோவிச்சுக்குவாகளா, உபதேசியாரே?" என்று ஒருநாள் கேட்டாள். "அதச் சொல்லாட்டி மன்னிப்பே கெடையாது" என்று அவர் அதட்டினார்.

அவள் செத்து நாற்பது நாளாகிறது. பங்குனியில் ஒருநாள் காலை புருஷனோடு தெருவே பார்க்கச் சண்டைபோட்டுவிட்டு, "கெணத்துல விழுந்து சாகுறேன்" என்று சொல்லிப் போனவள், பொழுது சாய்கையில், மாடு கட்டி வயலுக்கு இறைக்கும் கமலைக் கிணற்றில் மிதந்தாள். அதன்பிறகு அந்தத் தண்ணீரை ஊரில் யாரும் தொடவில்லை. தற்கொலை செய்தவர்களுக்கு இடமில்லாத கல்லறைத் தோட்டத்துக்குள் அவளைப் புதைக்கலாமா என்ற கேள்வி வந்தது. சாமியார் ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டார். "கடைசி நேரத்துல அவ ஆண்டவரக் கூப்பிட்டதா, மந்திரம் சொன்னதா யாராச்சும் கேட்டீங்களா? ஒருத்தர் கேட்டிருந்தாலும் போதும்." கிணற்றையொட்டி நிலம் இருந்தது உபதேசியாருக்குத்தான். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"கேக்கல சாமி" என்றார் அவர்.

பாயில் சுருட்டி, சிலுவையில்லாமல், கள்ளி வேலிக்கு வெளியே புதைத்தார்கள்.

அன்று மாலைச் செபம் முடிந்து வீட்டுக்கு வந்து மனைவி ராசாத்தியிடம் தண்ணீர் கேட்டார். சொம்பை வாயருகே கொண்டுபோனதும் அதே பாசி வாடை.

"இது எங்க எடுத்த தண்ணி?"

"வண்டித் தண்ணிதாங்க. ஏன், நல்லாத்தானே இருக்கு?" அவள் வாங்கி மடமடவென்று குடித்தாள்.

மறுநாள் மத்தியானம் கட்டிலில் படுத்திருந்தார். ஓடுகள் வெயிலில் நெரிந்து சடசடத்தன. கண் செருகும் நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். சொட்டு. சிறிது இடைவெளி விட்டு, இன்னொரு சொட்டு. குனிந்து பார்த்தார். சாணம் மெழுகிய தரை காய்ந்து வெடித்திருந்தது. படுத்தார். மறுபடி சொட்டு. இம்முறை அதனோடு, மண்ணுக்குள்ளே வெகு ஆழத்தில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு முணுமுணுப்பதைப் போல, மந்திரத்தின் தாளம். வார்த்தை விளங்கவில்லை. தாளம் விளங்கியது. எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அங்கேயே நின்றது.

ஆறு நாள் இப்படிப் போயிற்று. சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் வந்து சைக்கிளை நிறுத்தியதும், முதல் ஆளாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாள்படியிட்டார்.

"சாமி, நான் பொய் சொல்லிட்டேன். அன்னைக்கு உச்சி வெயில்ல கெணத்துப் பக்கமாத்தான் வந்தேன். உள்ளருந்து கொரல் வந்துச்சு. மந்திரம் சொல்ற கொரல். அந்தக் கெணத்துல மத்தியானத்துல பேய் கூப்பிடும்னு சனங்க சொல்லுவாக. பயந்துட்டேன். திரும்பிப் பாக்காம ஓடிட்டேன். பொறவு, பயந்து ஓடுனேன்னு சொல்ல வெக்கமாப் போச்சு."

மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் குனிந்து நெருங்கினார்.

"அது அவதான்னு அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?" சாமியார் கேட்டார்.

உபதேசியார் மரத்தட்டியிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"தெரியாது சாமி."

"நாளைக்குப் பூசையில சனங்க முன்னால இதச் சொல்லணும். அவள வேலிக்குள்ள கொண்டுவரணும். ஆண்டவர் இன்னொரு தருணம் குடுக்கறாரு, விட்றாதீங்க." சாமியார் கையுயர்த்திப் பாவமன்னிப்புக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, சனங்கள் முன்னால், முந்தின நாள் சொன்னதை அப்படியே சொன்னார். கல்லெறிவார்கள் என்று நினைத்திருந்தார். ஒருவரும் எறியவில்லை. சந்தியாகு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"எம்மேலதான் குத்தம் உபதேசியாரே. சண்டை போட்டது நானு. அவ மந்திரம் சொல்லித்தான் செத்தாள்னு சொன்னீங்களே, அதே எனக்குப் போதும். ஒங்கள மன்னிக்க நான் யாரு?"

கிழவர்கள் அவர் தோளைத் தட்டினார்கள். பேய்க்குப் பயப்படாத மனுசன் உண்டா என்றார்கள். அவருக்கு உடம்பு லேசானது. அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டார். கட்டிலுக்கடியில் சத்தம் இல்லை.

சாயங்காலம் செபம் சொல்லும்போதுதான் தெரிந்தது. கடைசி வரி. அவர் வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் சொன்ன வார்த்தை. நாக்கு புரண்டது, உதடு கூடியது, "பிர..." என்பதற்கு மேல் ஒன்றும் வெளியே வரவில்லை. சனங்கள் காத்திருந்தார்கள். பிறகு அவர்களே சொல்லி முடித்தார்கள்.

அவருக்குப் புரிந்தது.

தெரியாது சாமி என்று சொன்னாரே, அதுதான். அன்றைக்கு அவர் ஓடினது உண்மை. முப்பது நாற்பது எட்டுத்தான். பனைமரத்துக்குப் பின்னால் நின்றார். குரல் மந்திரத்தின் கடைசி வரிக்கு வந்து அந்த வார்த்தையில் இடறியது. பேயில்லை, செங்கமலம்தான் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. மூன்று முறை இடறினாள். நடுவே, "உபதேசியாரே, நீங்கதானே? காலடிச் சத்தம் கேட்டுச்சு. அந்த வார்த்தைய மட்டும் சொல்லுங்க" என்றாள். உயிரைக் கேட்கவில்லை. வார்த்தையைத்தான் கேட்டாள். முன்னே ஓடிவிட்டு இப்போது எந்த முகத்தோடு திரும்பிப் போவது என்று அவர் நின்றார். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் அடங்கும்வரை நின்றார்.

சாமியார் திங்கட்கிழமை அடக்கத்துக்காக ஊரிலேயே தங்கியிருந்தார். உபதேசியார் அவர் அறை வாசலுக்குப் போனார். உள்ளே சாமியார் விளக்கடியில் செபப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன உபதேசியாரே?"

ஒரு வாய்ச்சொல். அவ்வளவுதான். நாளைக் காலை மறுபடி அத்தனை பேர் முன்னாலும் நிற்க வேண்டும். சந்தியாகு மறுபடி எழுந்து வருவான். இம்முறை கையைப் பிடிக்க மாட்டான்.

"ஒண்ணுமில்ல சாமி. காலையில மம்பட்டி எத்தனை வேணும்னு கேக்க வந்தேன்."

திங்கட்கிழமை ஊர் மணியக்காரரிடம் அனுமதி கேட்டு, வேலிக்கு வெளியே தோண்டினார்கள். சரளைமண் இரும்பாக இறுகியிருந்தது. மம்பட்டி பட்ட இடமெல்லாம் பொறி பறந்தது. இடுப்பளவு போனதும் பாய் தெரிந்தது. நாற்றத்துக்குப் பயந்து எல்லாரும் துண்டால் மூக்கைப் பொத்தினார்கள்.

நாற்றம் இல்லை. தூக்கும்போது பாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

சொட்டுச் சொட்டாக அல்ல, கோடாக. காய்ந்த மண்ணில் விழுந்து ஓடியது. விலகிய பாயோரத்தில் அவள் தலைமயிர் கறுப்பாக, ஈரமாக, இப்போதுதான் முழுகியவளுடையதைப் போலத் தொங்கியது. நெற்றி வாடவில்லை.

"புதுமை!" என்று ஒரு பெண் அலறினாள். "ஆண்டவர் புதுமை செஞ்சுட்டாரு!" அற்புதம் கண்டதாக ஊரே மண்ணில் விழுந்தது. சாமியார் சிலுவை வரைந்தார். பெண்கள் அந்த ஈரத்தை எடுத்துப் பிள்ளைகளின் கண்ணில் ஒற்றினார்கள்.

உபதேசியார் மட்டும் நின்றார். அவருக்குப் பாசி வாடை அடித்தது.

வேலிக்குள்ளே வெட்டிய புதுக் குழி ஆளுயரத்துக்கு இருந்தது. ஒருவர் உள்ளே நின்று தலைப்பக்கம் வாங்க வேண்டும். சந்தியாகு கைகூப்பினான். "மந்திரம் சொல்லிக்குடுத்தவரு. நீங்களே எறங்குங்க உபதேசியாரே."

எல்லாரும் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை.

இறங்கினார். உள்ளே குளிர்ந்தது. வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே மார்கழிக் குளிர். மேலேயிருந்து பாய் இறங்கியது. கனம். இரண்டு கையாலும் தலையை ஏந்தி, குனிந்து, மண்ணில் கிடத்தினார். பாய் விலகியது.

கண் திறந்திருந்தது.

மேலே சாமியார் லத்தீனில் செபம் தொடங்கினார். எல்லாரும் கண்ணை மூடித் தலைகுனிந்தார்கள்.

அவள் உதடு அசைந்தது. மந்திரம். கடைசி வரி. அவர் காதைப் பொத்த நினைத்தார், கை எழவில்லை.

"பிரதிக்கினை" என்றாள் செங்கமலம். இடறாமல். சுத்தமாக.

முகத்தில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நான் மன்னிச்சுட்டேங்க" என்றாள் மெதுவாக. "அங்கயும் சொல்லிப் பாத்துட்டேன். அழுதுகூடப் பாத்தேன். ஒங்கள மன்னிக்க மாட்டேன்னுட்டாக."

பாய்க்குள்ளிருந்து கை வந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"கூட்டிட்டு வரச் சொன்னாக."

கத்தினார். சத்தம் வந்தது. அவர் காதுக்கே கேட்டது. மேலே லத்தீன் நிற்கவில்லை. உதறினார். கை இளகவில்லை. ஆமென் என்றார்கள்.

கண்களைத் திறந்தார்கள். விளிம்பைச் சுற்றி முகங்கள் வந்தன. ராசாத்தி. கிழவர்கள். சாமியார். சந்தியாகு குனிந்தான். நேரே அவர் கண்ணுக்குள் பார்த்தான்.

"சந்தியாகு!"

அவன் பார்வை அவர்மேல் நின்றது. நகர்ந்தது. குழியின் மூலை மூலையாகத் தேடியது.

"உபதேசியாரு எங்க?"

"அப்பவே ஏறிட்டாரு போல" என்றது ஒரு குரல்.

"நான் இங்கதான்! ராசாத்தி! இங்கிட்டுப் பாரு!"

ராசாத்தி பார்த்தாள். வெறுங்குழியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். குனிந்து கைப்பிடி மண்ணை எடுத்தாள். முத்தமிட்டாள். போட்டாள்.

அலறுவதற்குத் திறந்த அவர் வாய்க்குள் அது விழுந்தது.