நவநீதனின் நடைப்பொதி

பழைய பொதியேற்றி நின்றுபோக இன்னும் நான்கு நாட்களே இருந்தன. அதற்குள் வேறு ஏற்றிக்கு மாற்றாவிட்டால், நவநீதன் கணினி விளையாட்டில் பத்து வருடம் கட்டிய உலகம் திறக்க முடியாத கோப்பாகக் கிடக்கும். ஈரோட்டில் அந்த வாரம் பாதி வீடுகளில் இதே பேச்சுதான்.

'கட்டாந்தரை' என்ற அந்த விளையாட்டு வெறும் மண்ணை மட்டுமே கொடுக்கும். மழை, கால்வாய், ஆடு, மாடு எல்லாம் ஆட்கள் தாமாக எழுதிச் சேர்க்கும் பொதிகள். ஒன்றோடொன்று மோதாமல் அவற்றை உலகத்துக்குள் இறக்குவது பொதியேற்றியின் வேலை.

நவநீதனோடு சாயக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்த அன்வர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். நவநீதனின் மனைவி பூங்கோதை அவனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு ஏத்தில எதுன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கங்க அண்ணி. ஒருக்கா ஏத்திட்டா அந்த உலகம் அந்த ஏத்திக்குத்தான். அப்பறம் மாத்த முடியாதுங்க."

"ஏன், கல்யாணமாட்டமா?"

"கல்யாணத்துலயாவது கோர்ட்டு இருக்குதுங்க."

'அச்சாணி' என்ற ஏற்றி உலகத்தை இருந்தபடியே வைத்திருக்கும். வீடுகள் நிற்கும், தண்ணீர் ஓடும், அவ்வளவுதான். 'நாற்றங்கால்' அதற்கு மேலும் ஒன்று செய்யும். ஒருவர் எந்தக் கல்லை எப்போது எடுத்தார், எங்கே தயங்கினார், எதைப் பாதியில் விட்டார் என்று விளையாட்டில் பதிந்த தடங்களையெல்லாம் படித்து, அவர் இல்லாதபோதும் அவரைப் போலவே நடமாடும் உருவத்தைச் செய்துவிடும். அதற்கு நடைப்பொதி என்று பெயர். வெளியூர் போகிறவர்களின் உலகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதிகம் பயன்பட்டது இறந்தவர்களுக்கு.

போன ஆடியில் வேன் கவிழ்ந்தபோது நவநீதனும் பூங்கோதையும் அதில்தான் இருந்தார்கள். பூங்கோதை மட்டும் தோளில் ஒரு இரும்புத் தகட்டோடு வீடு திரும்பினாள்.

"நாற்றங்காலே போடுங்க" என்றாள்.

அன்வர் முதலில் உலகத்தை நகல் எடுத்தான். பிறகு ஒவ்வொரு பொதியாகப் போட்டு, திறந்து பார்த்து, மூடினான். மொத்தம் நூற்று நாற்பது பொதிகள். மழைப்பொதியும் கால்வாய்ப்பொதியும் ஒத்துப்போகாமல் இரண்டு முறை எல்லாம் நின்றது. சாயங்காலம் ஏற்றி ஒரு கேள்வி கேட்டது: இந்த உலகில் விளையாடியவர் எத்தனை பேர்?

"ஒருத்தர்தானுங்களே அண்ணி? கணக்கு ஒண்ணுதான இருக்குது."

"ஆமா" என்றாள் பூங்கோதை. நவநீதன் வேலைக்குப் போன பிறகு அவளும் தினமும் அந்தக் கணக்கில்தான் நுழைவாள். ஆனால் அவள் விளையாடியதாக ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் இறைத்துவிட்டுப் போனதை ஒழுங்குபடுத்தினாள், அவ்வளவுதான்.

அன்வர் ஒன்று என்று தட்டினான்.

உருவம் எழுந்து கால்வாயோரம் போனது. மூன்று கல் வைத்தது. மூன்றாவதைத் திரும்ப எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தது. பூங்கோதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரேதான்.

மூன்று வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள். காலையில் திரையைப் போட்டால் அவர் அங்கே இருந்தார். குளத்துக்குப் படி கட்டினார், வாழைக்குப் பாத்தி பிடித்தார். அவள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு என்ன சமைப்பது என்பது வரை அவரிடம் பேசினாள்.

மழைப்பொதிக்குப் புது வடிவம் வந்திருந்தது. அதைப் போட ஒரு ஞாயிறு மதியம் வந்த அன்வர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். உருவம் தெருவெல்லாம் அளந்து அளந்து விளக்கு நட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணன் வெளக்கே வெக்க மாட்டாருங்களே. நாங்கெல்லாம் சேந்து ஆடற கூட்டு உலகத்துல இருட்டுலயே நோண்டிட்டு இருப்பாரு. பெருச்சாளின்னுதான் கூப்புடுவோம்."

"இங்க வெச்சாரே."

"நெசமாலுமே அவருதான் வெச்சாருங்களா?"

பகலில் தானும் அவர் கணக்கில் உள்ளே போவதுண்டு என்றாள் பூங்கோதை.

அன்வர் தடங்களைத் திறந்தான். விசைப்பலகையைத் தட்டும் தாளத்தை வைத்து ஆட்களைப் பிரிக்க நாற்றங்காலுக்குத் தெரியும். எத்தனை பேர் என்று சரியாகச் சொன்னால் போதும். இரண்டு என்று போட்டதும் எண்கள் வந்தன. தடங்களில் நூற்றுக்கு எழுபத்தொன்று அவளுடையவை.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. நீங்க மூணு வாரமா உங்களையேதான் பாத்துட்டு இருந்திருக்கறீங்க."

"அவரு பங்கு மட்டும் தனியா போட முடியுமா?"

"போடலாம். ஆனா வேணுங்களா?"

"போடுங்க."

புதிய உருவம் எழுந்தது. கால்வாயை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீடுகளைத் தாண்டி, வடக்கே அவள் ஒருநாளும் போகாத குன்றில் ஏறி, ஒரு பொந்துக்குள் இறங்கியது. உள்ளே சுரங்கம் ஒன்று விளக்கும் தூணும் இல்லாமல், கோணலும் மாணலுமாகப் போய்க்கொண்டே இருந்தது. அதன் முனையில் நின்று உருவம் தோண்டியது. நடுநடுவே கையை நிறுத்திவிட்டு வெகுநேரம் சும்மா நின்றது. பிறகு மறுபடியும் தோண்டியது.

"எங்க போறாரு?" என்றாள்.

"எனக்கும் தெரியலைங்க அண்ணி."

இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அந்தச் சும்மா நிற்றலை அவள் பார்த்ததே இல்லை. அல்லது பார்த்து, ஏதாவது வேலை சொல்லி எழுப்பியிருப்பாள்.

திரையில் கடைசிக் கேள்வி வந்தது. சேமிப்பதற்கு முன் நெருங்கிய உறவினர் ஒருவர் உறுதி செய்ய வேண்டும்: இவர் அவர்தானா? போன முறை யோசிக்காமல் ஒரு நொடியில் 'ஆம்' என்று அழுத்தியிருந்தாள்.

"பழையபடியே ஒரே ஆளுன்னு மாத்திரட்டுங்களா?" என்றான் அன்வர் மெதுவாக. "யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்ல."

பூங்கோதை திரையை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். அந்த நடையில், அந்தக் கையில், அவளுக்குத் தெரிந்தது என்றோ அவளுடையது என்றோ எதுவுமே இல்லை.

அதனால்தான் 'ஆம்' என்பதை அழுத்தினாள்.