நூறாவது குறிப்பு

நன்மாறன் என்ற பெயருக்கு எதிரே தொண்ணூற்றொன்பது என்று நின்றது. மாலை ஐந்து மணிக்குள் இன்னும் ஒன்று சேர்ந்தால் போதும், அவன் வீட்டுக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்.

பெருங்கல் அணை உடைந்து முந்நூறு பேரை வாரிக்கொண்டு போன பிறகு, விசாரணை ஆணையம் நாற்பது லட்சம் பக்கங்களை மக்கள் முன் கொட்டியது. அத்தனையையும் எந்த மனிதர் உட்கார்ந்து படிப்பது? 'பெயர்சலிப்பான்' என்ற இயந்திரம் படித்தது. யார் பெயர் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்று எண்ணிச் சொன்னது. நூறைத் தொட்டவருக்கு விசாரணை முடியும்வரை வீட்டுக்காவல். அன்றாடப் பட்டியல் ஐந்து மணிக்கு மூடும். மூடிய பட்டியலைத் திறக்க நீதிபதியாலும் ஆகாது. நாளடைவில் பெண் கேட்டு வருகிறவர்கள்கூட ஜாதகத்துக்கு முன் எண்ணைத்தான் பார்த்தார்கள்.

யாழரசி ஆணையத்தின் மதுரை அலுவலகத்தில் பெயரடைவாளர்; சலிப்பான் எடுத்துத் தரும் பெயர்களைக் கோப்புகளாக ஒழுங்குபடுத்துவது வேலை. நன்மாறன் அவளுடைய அண்ணன். அணையில் மதகு இயக்கியவன். சொந்தக்காரர்களின் கோப்பை அடைவாளர்கள் திறக்கக் கூடாது, எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்பது விதி. மணி நாலு இருபது. விதி கிடக்கட்டும் என்று கோப்பைத் திறந்தாள்.

முதல் பதினொன்றும் அண்ணன் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள். மூன்றாம் மதகின் பக்கச் சுவரில் விரிசல், உடனே வந்து பாருங்கள் என்று பதினொரு முறை எழுதியிருந்தான். கடைசிக் கடிதத்தில் கெஞ்சியே இருந்தான். குற்றவாளியா இவன்?

பன்னிரண்டாவதைத் திறந்தாள். ஒரே வரி: 'இப்பெயர் தேடப்பட்டது.' பதின்மூன்றாவதும் அதே. பதினான்காவதும் அதே.

விசாரணை தொடர்பாக அரசு இயந்திரத்தில் பிறக்கும் ஒவ்வொரு பதிவும் ஓர் ஆவணம், பிறந்த நொடியே அது வெளியாக வேண்டும் என்கிறது வெளிப்படைச் சட்டம். ஒரு பெயரைத் தேடுவதும் பதிவுதானே! சலிப்பான் அதையும் நேர்மையாக எண்ணிவிட்டது. யார் யார் தேடினார்கள் என்று பார்த்தாள். அண்ணி, மாடிவீட்டுக்காரர், அண்ணன் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள். எண்பத்தெட்டுத் தேடல்களில் நாற்பத்தொன்று மட்டும் ஒரே ஆளுடையவை.

அவளுடையவை.

நாற்பத்தொரு நாளாகக் காலையில் காப்பி குடிக்கும் முன் எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, அவளே ஏற்றியிருக்கிறாள். 'அடிப்பாவி' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அண்ணனை அழைத்தாள்.

"அண்ணே, உன் பேரத் தேடிப் பாக்காத. வீட்டுல யாரும் பாக்க வேணாம். ஏன்னு அப்புறம் சொல்றேன்."

"நான் எங்கம்மா பாக்குறேன்? பயமா இருக்கு, பாக்குறதே இல்ல. நீ தினமும் பாத்துக்கிறேல்ல, அந்தத் தைரியத்துலதான் இருக்கேன்."

யாழரசி போனை வைத்துவிட்டுக் கூடத்தின் முன்வரிசைக்கு ஓடினாள். அங்கே கண்காணிப்பாளர் ஞானதுரை இருந்தார். எண்ணும் முறையை வகுத்தவரே அவர்தான். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"அநியாயமால்ல இருக்கு! இரு, என் கண்ணால ஒரு தடவ பாத்துடறேன்."

"சார், வேணாம் சார்..."

அதற்குள் பெயரைத் தட்டிவிட்டார். நூறு.

"நீ சொன்னது சரிதாம்மா" என்றார் ஞானதுரை, திரையைப் பார்த்தபடி. "ஆனா நூறாயிடுச்சே."

"தேடல் பதிவையெல்லாம் கணக்குல சேர்க்காதன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும் சார். அஞ்சு மணிக்குள்ள."

"போடலாம். நாளைக்கு என்னையக் கேள்வி கேட்டா? எழுதிக் குடும்மா. அடுத்த மாசம் ஆணையம் கூடும்போது வைப்போம்."

யாழரசி தன் இடத்துக்குத் திரும்பினாள். மணி நாலு முப்பத்தைந்து. பயம் போய், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. 'ஞானதுரை' என்று தட்டினாள்.

சுவரில், எண் ஏறுகிற பெயர்களைக் காட்டும் ஏறுமுகப் பலகையில் புதுப்பெயர் சிவப்பாக மின்னியது: ஞானதுரை, 1. நாற்பது தலைகள் நிமிர்ந்தன. விசைகள் மட்டும் படபடத்தன. ஏழு. பத்தொன்பது. பலகையை ஊரே வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால், வெளியிலிருந்தும் தேடல்கள் வந்து குவிந்தன. ஐம்பத்திரண்டு. அந்த மனிதர் என்ன செய்தார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கோப்பை ஒருவர்கூடத் திறக்கவில்லை.

"யாரு? என் பேர யாரு தேடுறது?" என்று எழுந்து கத்தினார் ஞானதுரை. யாரென்று பார்க்கத் தன் பெயரைத் தானே தட்டினார். மறுபடியும் தட்டினார். அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது.

"சார், கையெழுத்து" என்றாள் யாழரசி, இருந்த இடத்திலிருந்தே.

தொண்ணூற்றிரண்டில் போட்டார். மணி நாலு ஐம்பத்து மூன்று.

எண்கள் சரிந்தன. ஞானதுரை பூஜ்யம். நன்மாறன் பதினொன்று. யாழரசி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை.

நிமிர்ந்தபோது நன்மாறன் பலகையில் மின்னிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு. 'நூறிலிருந்து நீக்கப்பட்டவர்: நன்மாறன்' என்று ஆணையமே ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. அது தேடல் இல்லை, முறையான ஆவணம்.

பக்கத்து இருக்கை செண்பகம் குனிந்து மும்முரமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னடி எழுதுற?"

"கோவிச்சுக்காத யாழு. அணையில என் சித்தப்பா போய்ட்டாருல்ல? நூறுல இருந்தவர எதுக்கு விட்டாங்கன்னு ஆணையத்துக்கு ஒரு மனு. கேக்கணும்ல?"

பதின்மூன்று. ஊரில் வேறு பலருக்கும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பதினேழு. இருபத்தாறு.

ஐந்து மணி அடித்தது. அன்றைய பட்டியல் மூடியது. அடுத்த நாளுக்கான பட்டியல் திறந்துகொண்டது.