நாலாவது பிளக்

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் அக்காவின் பிக்கப் வண்டி பட்டறைக்குள் வந்தது. வந்தது என்பதைவிட, இருமிக்கொண்டே வந்து விழுந்தது என்று சொல்லலாம். டப், டப், டப் என்ற சத்தம் தெருமுனையிலேயே மெக்கானிக்கின் காதில் விழுந்துவிட்டது. எந்த வண்டி, எந்த சிலிண்டர், என்ன கோளாறு என்று எழுந்து பார்க்காமலே அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் உடனே எழுந்திருக்கவில்லை.

எட்டு மாதத்தில் இது மூன்றாவது முறை.

அக்கா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இறங்கினாள்.

“மறுபடியும் ஸ்பார்க் பிளக் பறந்துடுச்சுடா. பாலத்துகிட்ட வரும்போது வெடி வச்ச மாதிரி ஒரு சத்தம். உயிரே போயிட்டு வந்துச்சு.”

“நாலாவதா?”

“என்னைக் கேட்டா? நீதானே மெக்கானிக். சீக்கிரம் பாரு. அஞ்சு மணிக்கு பாப்பாவ ஹாஸ்டல்ல இருந்து கூட்டிட்டு வரணும், லீவு விட்டுட்டாங்க. பெட்டி படுக்கைன்னு ஒரு வண்டி சாமான் வச்சிருப்பா.”

அக்கா மகளின் ஹாஸ்டல் மேட்டின் உச்சியில் இருந்தது. அங்கே போக ஒரே ஒரு ஏற்றம்தான். அந்த ஏற்றத்தை நினைத்ததும் அவன் வண்டியிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டான்.

“இன்னைக்கு மட்டும் ஒரு ஆட்டோ பிடிச்சுக்கோயேன்க்கா. வண்டிய நாளைக்குத் தர்றேன்.”

“அடப்போடா. கூடப் பிறந்தவன் மெக்கானிக்கா இருக்கும்போது நான் எதுக்கு அடுத்தவன் வண்டியில போகணும்? உன் கைய விட்டா வேற எவன் கையும் இது மேல படக் கூடாது, ஆமா.” சொல்லிவிட்டு எதிரே இருந்த டீக்கடைக்கு மழையில் ஓடினாள்.

நல்ல வார்த்தைதான் சொன்னாள். ஆனால் அது அவனுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

இந்த வண்டி மாமாவுடையது. மாமா என்றால் அக்காவின் கணவர். தண்ணீர் கேன் ஏற்றி வீடு வீடாகப் போட்டுக்கொண்டிருந்தவர். மச்சினனின் ஞாபகசக்தி மேல் அவருக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது. அதில் நியாயமும் இருந்தது. ஆயில் மூடியைப் போடாமலே ஒரு வண்டியை அனுப்பிவைத்த மகானுபாவன் அவன். அதனால் மாமா ஒரு வழக்கம் வைத்திருந்தார். பிளக் மாற்றும் நாளில் அவர் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். தூக்கி நிறுத்திய பானட் மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பிளக்குக்கும் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

“ஆச்சா?”

இவன் “ஆச்சு” என்று சொல்லிவிட்டு, முறுக்கிய பிளக்கின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பான். அப்புறம்தான் அடுத்தது. “மரை கழண்டவன்கிட்ட மரை முறுக்கக் குடுத்தா இப்படித்தான் காவல் இருக்கணும்” என்று சொல்லிச் சிரிப்பார். கழுத்துவலிக்காரர், பக்கத்தில் வந்தாலே தைல வாசனை அடிக்கும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், நாலாவது பிளக்கை விரலால் திருகி உட்காரவைத்த நேரத்தில் போன் அடித்தது. உதிரிபாகக் கடைக்காரன். தப்பான பேரிங்கை அனுப்பிவிட்டு, சரியானதைத்தான் அனுப்பினேன் என்று சாதித்தான். இவனும் விடாமல் மல்லுக்கு நின்றான். நடுவில் உள்ளேயிருந்து “ஆச்சா?” என்று குரல் வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு “ஆச்சு ஆச்சு” என்றான். ஸ்பேனர் போட வேண்டும் என்ற நினைப்பு இல்லாமல் இல்லை. பேசி முடித்துவிட்டுப் போடலாம் என்று இருந்தான்.

பேசி முடித்துத் திரும்பியபோது, மாமாவே பானட்டை மூடிக் கிளம்பி, வண்டி தெருமுனையில் வளைந்துகொண்டிருந்தது. ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். கையில்தான் இருந்தது போன். சாயங்காலம் எப்படியும் வருவார், ஒரு திருகு திருகினால் போச்சு என்று விட்டுவிட்டான்.

சாயங்காலம் வண்டி மட்டும்தான் வந்தது, கயிறு கட்டி இழுத்து.

முழு பாரத்தோடு அந்த ஹாஸ்டல் ஏற்றத்தின் நடுவில் இன்ஜின் நின்று, பின்னால் உருண்டு, பள்ளத்தில் விழுந்திருந்தது. நசுங்கிய பானட்டை நெம்பித் திறந்தபோது நாலாவது துளை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பிளக்கைக் காணோம். ஏற்றத்துச் செம்மண்ணில் எங்கேயோ போய் விழுந்திருக்கும். மறுநாள் காலையில் விபத்தை விசாரிக்க ஆய்வாளர் வருவதற்குள் அவன் அங்கே புதுசு ஒன்றை முறுக்கி, மஞ்சள் பொட்டும் வைத்துவிட்டான். டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். தலையை ஆட்டினவர்களில் இவனும் ஒருவன். பிறகு ராப்பகலாக உட்கார்ந்து வண்டியைச் சரிசெய்து அக்காவிடம் கொடுத்தான். தங்கமான தம்பி என்று ஊரே மெச்சியது.

அதிலிருந்து அந்த நாலாவது பிளக் நிற்பதில்லை. போன தடவை மரை தேய்ந்திருக்கும் என்று துளையையே பெரிதாக்கி, எஃகில் புது மரை செதுக்கி உட்காரவைத்தான். இன்ஜின் உடைந்தாலும் பிளக் அசையக் கூடாது. அப்படிப்பட்ட வேலை.

இப்போது பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தான். தகரக் கூரை மேல் மழை இரைந்து கொட்டியது. கை விளக்கை உள்ளே தொங்கவிட்டு, கடைசித் துளைக்குப் போகும் வயரைப் பிடித்து இழுத்தான். வயரோடு பிளக்கும் வந்தது.

விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

அவன் போட்ட பிளக் இல்லை அது.

இரண்டு மாதத்துக்கு முன் போட்டது புத்தம்புதுசு. இது துருப்பிடித்திருந்தது. மரைகளின் இடுக்கில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. தலையில் மஞ்சள் பொட்டு இல்லை. பொட்டு வைக்காமல் அவன் கையை விட்டுப் போன பிளக் இந்த ஆயுளில் ஒன்றே ஒன்றுதான்.

அதை அவசரமாக மேசைமேல் போட்டான். சட்டையில் கையைத் தேய்த்துக்கொண்டான். அக்கா வேறு எங்காவது வண்டியைக் காட்டியிருப்பாள், எவனோ பழைய சாமானைத் தலையில் கட்டியிருப்பான். அப்படித்தான் இருக்கும். வேறு எவன் கையும் படக் கூடாது என்று சற்று முன் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

புது பிளக்கை எடுத்து விரலால் திருகினான். வழவழவென்று உள்ளே இறங்கியது. முறுக்கை அளக்கும் டார்க் ஸ்பேனரை மாட்டி இழுத்தான். அளவு வந்ததும் அது ‘டக்’கென்று சொன்னது.

“ஆச்சா?”

“ஆச்சு” என்றான், பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் உடம்பு சில்லிட்டது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பானட்டைச் சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. கதவு சாத்தியபடியே இருந்தது. சீட்டின் நடுவில் ஒரு பள்ளம் அமுங்கிக் கிடந்தது. அக்கா உட்கார்ந்துவந்த தடம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

தைல வாசனை வந்தது.

ஓடிவிடலாம். ஆனால் அஞ்சு மணிக்கு அக்கா இந்த வண்டியில் ஏறுவாள், ஏற்றத்தின் உச்சியில் பாப்பா பெட்டியோடு காத்திருப்பாள். திரும்பிவந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தான். சற்று முன் ஸ்பேனர் போட்டு முறுக்கியது, விரலுக்கே ஆடியது.

மறுபடி முறுக்கினான். டக்.

“ஆச்சா?”

குரல் இப்போது கிட்டத்தில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் முகத்தை ஒட்டிவைத்துப் பேசினாற்போல.

“ஆச்சு மாமா” என்றான். அழுகை வந்தது. “சத்தியமா ஆச்சு.”

உள்ளங்கையை பிளக்கின் தலைமேல் அழுத்திவைத்துக்கொண்டான். அதன் சூடில்லாத இரும்பு கைக்கடியில் மெல்ல அசைந்தது. பின்பக்கமாக, அவசரமே இல்லாமல், அரைச் சுற்று. பிறகு ஒரு முழுச் சுற்று. யாரும் தொடவில்லை. அவன் பலமெல்லாம் சேர்த்து அழுத்தியும் நிற்கவில்லை.

“ஆச்சா?”

ஸ்பேனரை விடாமல் உள்ளங்கையை இன்னும் அழுத்தினான்.

“ஆச்சா?”

அதில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அன்றைக்குக் கேட்ட அதே நம்பிக்கையோடு கேட்டார் மனிதர். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த பிளக்கைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

ஸ்பேனர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“ஆகல மாமா” என்றான். “அன்னைக்கு ஆகவே இல்ல. கையால திருகினதோட விட்டுட்டேன். நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்.”

“என்னடா ஆகல?”

முதுகுப் பக்கம் அக்கா நின்றிருந்தாள். இரண்டு கையிலும் டீ கிளாஸ். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது, டீயில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“யார்கிட்ட பேசிட்டு இருக்க? என்ன பொய்?”

மேசையிலிருந்த செம்மண் பிளக்கை எடுத்து அவள் முன் நீட்டினான். எல்லாவற்றையும் சொன்னான். போன் வந்தது, ஆச்சு என்றது, கூப்பிடாமல் விட்டது, ஆய்வாளர் வருவதற்கு முன் புதுசை முறுக்கியது. ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அக்கா அழவில்லை. கத்தவில்லை. கிளாஸ்களை மேசையில் வைத்துவிட்டு அந்த பிளக்கை வாங்கிக்கொண்டாள்.

“அவர் போட்டோவ சுவரைப் பாக்கத் திருப்பி வச்சிருக்கேன்” என்றாள். “எட்டு மாசமா. தூங்கிட்டே ஓட்டி எங்கள நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டியேன்னு தினமும் திட்டுவேன். லீவுக்கு வந்தா பாப்பாவும் சேந்து திட்டுவா. நீ சோத்தைப் பிசைஞ்சுகிட்டு பேசாம கேட்டுட்டு இருப்ப.”

அவன் தலையைத் தூக்கவில்லை.

“எந்திரி” என்றாள். “எந்திரிச்சு முறுக்கு. நான் பாக்கணும்.”

எழுந்தான். அவள் கண்ணெதிரே விரலால் திருகினான், ஸ்பேனர் போட்டான், டக் என்ற சத்தம் வந்தது. அவள் பழைய பிளக்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பானட்டுக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரியவில்லை.

தாழ்ந்த குரலில் கேள்வி வந்தது. அழுது அடைத்த தொண்டையாக இருக்கும், அக்காவின் குரல் மாதிரியே இல்லை.

“ஆச்சா?”

“ஆச்சு” என்றான். இந்தத் தடவை அது உண்மை.

பிளக்மேல் கையை வைத்துக் காத்திருந்தான். அது அசையவில்லை. மஞ்சள் பொட்டு வைத்தான். பானட்டை மூடினான். இன்ஜின் ஒரே பிடியில் உயிர்பெற்று, நாலு சிலிண்டரிலும் சீராக ஓடியது. அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

“பாப்பாகிட்ட நீதான் சொல்லணும். ஆய்வாளர்கிட்டயும். நாளைக்கே.” ரிவர்ஸ் எடுத்தாள். பிறகு நிறுத்தி, “இனிமே இந்த வண்டிய நீ தொடாத” என்றாள்.

ஐந்தே கால். ஐந்தரை. அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு ஆறிப்போன டீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஐந்தே முக்காலுக்கு அது அடித்தது.

“மேடு ஏறிட்டேன்” என்றாள் அக்கா. “பாப்பா பக்கத்துலதான் இருக்கா. வண்டி நல்லா இழுக்குது.”

அவனுக்கு மூச்சு வந்தது. “மன்னிச்சுடுக்கா. நீ சீட்டுல இருந்து ஆச்சான்னு கேட்டப்போ, எனக்கு உயிரே போயிடுச்சு.”

மறுமுனையில் இன்ஜின் சத்தம் மட்டும் ஓடியது.

“நான் எங்கடா கேட்டேன்?” என்றாள். “நீயாத்தானே ஆச்சுன்னு சொன்ன? சரின்னு சாவிய போட்டேன்.”

போன் துண்டிக்கப்பட்ட பிறகும் அவன் அதைக் காதிலேயே வைத்திருந்தான்.

பட்டறையின் மூலையில், நாளைக்குக் கொடுக்க வேண்டிய வேறு ஒருவருடைய கார் பானட் திறந்தபடி நின்றது. மூன்று பிளக் காலையிலேயே போட்டாயிற்று. மிச்சம் ஒன்று. எதையாவது செய்துகொண்டிருந்தால் தேவலை என்று கடைசி பிளக்கை எடுத்து விரலால் திருகினான். ஸ்பேனரை எடுக்கத் திரும்பியவன், அப்படியே நின்றுவிட்டான்.

மழை ஓய்ந்திருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தைல வாசனை இன்னும் பட்டறையை விட்டுப் போகவில்லை.

காரின் டிரைவர் கதவு, உள்ளேயிருந்து யாரோ இழுத்தாற்போல, மெதுவாகச் சாத்திக்கொண்டது.

“ஆச்சா?”