குதிர்ப்பாறையில் வைத்த கல்

முதல் இரண்டு கற்களும் வைத்தவுடன் 'டக்' என்றன. மூன்றாவது கல் சத்தமே போடவில்லை.

கவிப்பிரியா அதைக் கவனித்தாள். மலை ஏறியதில் காது அடைத்துக்கொண்டிருக்கும் என்று எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். காது நன்றாகத்தான் இருந்தது. கீழே காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிற பெண் ஒருத்தி இருமுவது கேட்டது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குள் காற்று நுழைந்து வெளியே வருவதுகூடக் கேட்டது. அவள் புருஷன் ஜெயபிரகாஷ் அந்தக் கல்லை மற்ற இரண்டுக்கும் பக்கத்தில், பாறைத் திட்டின்மேல் அழுத்தித்தான் வைத்தான். கல்லின்மேல் கல். சத்தம் மட்டும் வரவில்லை.

"மூணாவது எதுக்குங்க?" என்றாள்.

"நம்ம பாப்பாவுக்கு." அவள் வயிற்றைப் பார்த்துக் கண்ணடித்தான். "மேல போறது ரெண்டு பேரா? மூணு பேரு இல்ல?"

ஏற்காட்டுக்கு வருகிற கூட்டம் ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, போட்டோ பிடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடும். குதிர்ப்பாறைக்கு யாரும் வருவதில்லை. மாரமங்கலத்து ரோட்டிலிருந்து பிரிகிற ஒற்றையடிப் பாதையில், காப்பிச் செடிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் ஏறினால், தானியம் கொட்டி வைக்கிற குதிர்களைப் போல வயிறு பெருத்த பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அவற்றுக்கு நடுவே ஒரு சந்து. அதற்குள் ஒருக்களித்து நுழைந்து ஏறினால் உச்சி. அங்கே நின்றால் அடிவாரமும் அதற்கு அப்பால் சேலமும் காலடியில் விரியும்.

ஜெயபிரகாஷ் மாரமங்கலத்துக்காரன். அந்தப் பக்கத்து மலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விறகுக்கோ, தொலைந்த மாட்டைத் தேடியோ உச்சிக்குப் போகிறவர்கள் சந்தின் வாயில் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டுப் போவார்கள். இறங்கும்போது அவரவர் கல்லை அவரவர் கையாலேயே எடுத்துப் பள்ளத்தில் வீசுவார்கள். பனி இறங்கிவிட்டால் எதிரே நிற்பவர் முகம் தெரியாத இடம் அது. கல் மிச்சமிருந்தால் ஆள் இன்னும் மேலே இருக்கிறார், தேடிப் போக வேண்டும் என்று அர்த்தம். நல்ல ஏற்பாடு. இவனைப் போல ஒரு விளையாட்டுப் பிள்ளையின் கையில் சிக்காதவரைக்கும்.

அப்போது சந்துக்குள்ளிருந்து விறகுக்கட்டு ஒன்று வந்தது. கட்டுக்குக் கீழே பாப்பாத்தி இருந்தாள். மாரமங்கலத்தில் ஜெயபிரகாஷ் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். திட்டின் ஓரத்திலிருந்த தன் கல்லை எடுத்து வீசிவிட்டு இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாதப்பன் மவனா? எப்ப வந்தே சாமி? இது யாரு, ஊட்டுக்காரியா? எத்தன மாசம் கண்ணு?"

"ஆறுங்க," என்றாள் கவிப்பிரியா.

பாப்பாத்தியின் பார்வை திட்டுக்குப் போனது. மூன்று கற்கள். அவர்களையும் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொண்ணு யாருக்கு?"

"உள்ள இருக்கறவருக்குத்தானுங்க அக்கா," என்றான் அவன்.

"வெளையாட்டா இது? எறங்கையில அது எந்தக் கையால எடுக்கும்?"

அவன் ஏதோ சொல்லிச் சமாளிப்பதற்குள் அவள் கட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கத் தொடங்கிவிட்டாள். பனி வருது, சீக்கிரம் எறங்குங்க என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது திரும்பவில்லை.

"அதை எடுத்துருங்க," என்றாள் கவிப்பிரியா.

"ஒருத்தர் கல்ல இன்னொருத்தர் தொடக்கூடாதுன்னு அதுக்கும் ஒரு சட்டம் வெச்சிருக்காங்க. வா, நீ வேற."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஏழு வருஷம் கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைந்து, இரண்டு முறை நின்று நின்று கலைந்து, இப்போதுதான் ஒன்று தங்கியிருக்கிறது. நடக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தாலும் வீட்டில் படி இறங்கக்கூட அவள் சுவரைப் பிடித்துக்கொள்வாள். இன்றைக்கு வந்தது இவன் கெஞ்சியதால்தான். நான் சின்ன வயசுல உக்காந்து சேலம் லைட்டு எரியறத பாத்த எடம் கவி, பாப்பாவும் பாக்கட்டும் என்றான். கேட்க ஆசையாகத்தான் இருந்தது.

வயிற்றில் கை வைத்தாள். உள்ளே ஒரு உதை. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெயில் சாயும் நேரமானால் அது துள்ள ஆரம்பித்துவிடும். உறங்கப் போகும்வரை ஓயாது. அந்த உதையை நம்பித்தான் அவளுடைய ஒவ்வொரு நாளும் முடிந்தது.

சந்துக்குள் ஒருக்களித்து ஏறினார்கள். உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. கீழே மலைப்பாதையின் வளைவுகளில் பஸ் ஒன்று ஊர்ந்து இறங்கியது. சேலம் புகை மூடிக் கிடந்தது. லைட்டு போட இன்னும் நேரம் இருக்கு, உக்காரு என்று அவன் தன் துண்டை விரித்தான். பாறை நாள் பூராவும் குடித்த வெயிலை வெளியே விட்டுக்கொண்டு இதமாக இருந்தது. கொஞ்ச நேரம் அவள் பாப்பாத்தியை மறந்துபோனாள்.

பனி கீழேயிருந்து வந்தது. முதலில் காப்பித் தோட்டம் போனது, பிறகு சில்வர் ஓக் மரங்களின் தலைகள் ஒவ்வொன்றாகப் போயின, பிறகு பஸ் போன வளைவு, சேலம், பாறையின் விளிம்பு, கடைசியில் அவள் நீட்டியிருந்த கால்களின் செருப்புகூடச் சாம்பலாகிப் போனது. அதோடு ஒரு வாடையும் வந்தது. ஈர மண் வாடை இல்லை. வெயிலே படாத பாறை இடுக்கில், பல காலம் திறக்காத குதிருக்குள் தலையை விட்டால் வருமே, அந்தப் புழுங்கிய வாடை.

"போலாமுங்க."

"இரு. விலகிரும்."

அவள் வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். துள்ளுகிற நேரம் இது. துள்ளவில்லை. இடது பக்கம் தடவினாள். வலது பக்கம் தட்டினாள். உள்ளே இருப்பது தூங்கவில்லை என்று அவளுக்கு ஏனோ தோன்றியது. அதுவும் காதைத் தீட்டிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது.

கீழே, சந்தின் வாயில், கல் ஒன்று உரசுகிற சத்தம். யாரோ மெதுவாக இழுத்தார்கள். பிறகு அது பள்ளத்தில் உருண்டது. மோதி, மோதி, வெகு நேரம் உருண்டது.

"யாரோ கல்ல எடுத்துட்டு எறங்கறாங்க," என்றான் ஜெயபிரகாஷ்.

"மேல நாம ரெண்டு பேருதானுங்களே இருக்கோம்."

அவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். அவள் அவன் கையைப் பிடித்தபோது, அது ஐஸ் மாதிரி இருந்தது.

சந்துக்குள் அவன் முன்னால் இறங்கினான். செல்போன் வெளிச்சம் பனியில் ஒரு முழம்கூடப் போகவில்லை. ஏறும்போது அவள் வயிறு பாறையில் படாமல் வர இடம் இருந்தது. இப்போது இல்லை. பாறை அவளை நெருக்கியது. வயிற்றின்மேல் முழுதாகப் பதிந்தது. புடவையைத் தாண்டிக் குளிர் இறங்கியது, தோலைத் தாண்டி, இன்னும் உள்ளே. அவள் கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் பாறை விட்டுவிட்டது. அவள் வெளியே நின்றாள்.

திட்டின்மேல் இரண்டு கற்கள்.

பனியில் பாறை முழுக்க நனைந்து பளபளத்தது. மூன்றாவது கல் இருந்த இடம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, காய்ந்திருந்தது.

"நாய் தட்டி விட்டிருக்கும்," என்றான். அவன் குரலை அவனே நம்பவில்லை. தன் கல்லை எடுத்து வீசினான். அவளும் வீசினாள்.

அப்போதுதான் மேலே அழுகை கேட்டது.

உச்சியில். சற்று முன் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில். பிறந்த பிள்ளை மூச்சுப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து அழுகிற அழுகை. அவள் மார்பு இரண்டும் சுரீர் என்று வலித்தன. ரவிக்கை நனைந்தது.

"ஏனுங்க. அங்க…"

"மயிலு."

"மயிலு இப்பிடி அழுவாதுங்க!"

அவள் சந்தை நோக்கித் திரும்பினாள். அவன் அவள் கையை இறுகப் பிடித்து இழுத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளை அப்படி இழுத்ததில்லை. "மேல யாருமில்ல கவி. கல்லு ஒண்ணும் இல்ல பாரு. யாருமே இல்ல. வா!" என்று அழுதுகொண்டே இழுத்தான். அவள் போனாள். தன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அழுகையைப் பின்னால் விட்டுவிட்டு, ஒவ்வொரு அடியாக இறங்கினாள். அழுகை தேய்ந்தது. நின்றது.

வயிறு கனத்தது. இதுவரை இல்லாத கனம். ரோட்டோரம் நிறுத்தியிருந்த காருக்குள் அவளை ஏற்றி உட்கார வைக்க அவன் மூச்சு வாங்கினான். அவள் உட்கார்ந்த பக்கம் கார் தாழ்ந்தது.

ஏற்காடு பஜாருக்குப் போகும் வழியில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் சேலம் போயிருந்தார். நர்ஸ் மரியசெல்வி இருந்தாள். கவிப்பிரியாவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள்.

"அசைவு தெரியலீங்க," என்றாள் கவிப்பிரியா. "சாயங்காலத்துல இருந்து தெரியலீங்க."

"குளுருக்கு அப்பிடித்தான் கண்ணு அடங்கிக் கெடக்கும். மெஷின் வெச்சா துடிப்பு கேட்ரும். குதுர ஓடறாப்பல ஓடும் பாருங்க."

வயிற்றில் கை வைத்த மரியசெல்வி சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். நொம்பச் சில்லுனு இருக்கே என்று முணுமுணுத்துவிட்டு, பசையைத் தடவி, மெஷினின் முனையை வைத்தாள். ஜெயபிரகாஷ் கதவோரம் கைகூப்பி நின்றான்.

முதலில் வெறும் இரைச்சல். மழை தகரத்தில் பெய்கிற மாதிரி. அவள் முனையை நகர்த்தினாள். இரைச்சல். இன்னும் கீழே. இரைச்சல். கவிப்பிரியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரு தடவை கேட்டால் போதும். ஒரே ஒரு தடவை.

'டக்.'

"இதா!" மரியசெல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்காரு."

ஜெயபிரகாஷ் சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதான்.

'டக்.'

மரியசெல்வியின் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். முனையை நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள்.

'டக்.'

கவிப்பிரியா கண்ணைத் திறந்தாள். அது துடிப்பு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். திட்டின்மேல் அவன் மூன்றாவதை வைத்தபோது வந்திருக்க வேண்டிய சத்தம்.

மரியசெல்வி முனையை எடுத்துவிட்டாள். மெஷினை அணைத்தாள். ஒயரையும் பிடுங்கினாள்.

'டக்.'

அறையில் வேறு சத்தமே இல்லை. மூன்று பேரும் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரோ, அவசரமே இல்லாமல், கல்லின்மேல் கல்லாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.