சின்னக் கிண்ணத்தில் கலந்தது

மதியம் 2.05.

கையில் பாதி கடித்த சிப்ஸுடன் கடைக்குட்டி நாற்காலியிலிருந்து சரிந்தாள். கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அது அவளுக்கான வழியனுப்பு விருந்து. பிசியோதெரபிஸ்ட். வெளிநாட்டில் மூன்று வருட வேலை. இரவு பத்து மணிக்கு விமானம். வீட்டுப் பின்பக்கத்துப் புல்வெளியில் இருபது பேர் கூடியிருந்தார்கள். எல்லோர் கையிலும் சிப்ஸ், நடுமேசையில் அவகாடோவை மசித்துப் பழம் போட்டுச் செய்த குவாக்கமோலே என்ற தொட்டுக்கை. கோடை வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை என்று அண்ணி ஆசையாகச் செய்தது. "பாக்க பச்சைக் களிம்பு மாதிரி இருக்கு, தின்னா நிறுத்த முடியல" என்று ஒரு பெரியப்பா அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சிப்ஸ் தொண்டையில மாட்டிக்கிச்சு" என்று அண்ணன் ஓடிவந்து தங்கையின் முதுகில் தட்டினான். அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தாள். யாரோ வெயில் மயக்கம் என்றார்கள். அப்பா வேலியோரம் போனில் கத்திக்கொண்டிருந்தார். "கிவி சாப்பிட்டுட்டா. அவளுக்கு அது ஆகாது. மூச்சு வரல. ஊசியோட வாங்க."

2.13க்கு ஆம்புலன்ஸ் வந்தது. வண்டியிலிருந்து இறங்கிய ஆள் ஊசியைக் கையில் தயாராகவே வைத்திருந்தார். தொடையில் குத்தினார். நான்கைந்து நிமிடத்தில் கடைக்குட்டியின் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. கழுத்திலும் கையிலும் சிவப்புத் தடிப்புகள் தெரிந்தன.

"இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா கஷ்டம்" என்றார் அவர். அம்மாவும் அண்ணனும் வண்டியில் ஏறினார்கள்.

வண்டி போனதும் விருந்தாளிகளில் ஒரு பெண்மணி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார். பக்கத்து வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருடமாக உணவு ஆய்வாளராக இருப்பவர். ஹோட்டல்காரர்கள் அவரைக் கண்டால் குளிர்பெட்டியைத் திறக்கும் முன்பே வியர்ப்பார்கள்.

"யாரும் எதையும் கழுவ வேண்டாம். ஆஸ்பத்திரியில என்ன சாப்பிட்டான்னு கேப்பாங்க. நான் பாத்துச் சொல்றேன்."

2.40. சமையலறை மேசையில், புல்வெளியிலிருந்து ஆய்வாளர் எடுத்துவந்த இரண்டு கிண்ணங்கள் இருந்தன. பெரியது எல்லோருக்கும். சின்னது கடைக்குட்டிக்கு மட்டும்.

அண்ணி சுவரோரம் நின்றாள்.

"செஞ்சது யாரு?"

"நான்தான் மேடம்."

"என்னென்ன போட்டீங்க?"

"ஆறு அவகாடோ, மசிச்சேன். மாம்பழம், அன்னாசி பொடியா நறுக்கினது. மாதுளை முத்து. வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை, உப்பு."

"சின்னதுல?"

"அவளுக்குப் பச்சை வெங்காயம் பிடிக்காது. வாயில புண்ணு வேற. அதனால வெங்காயம், மிளகாய், எலுமிச்சை மூணும் இல்லாம தனியா எடுத்து வெச்சேன்."

"மிளகு?"

"ரெண்டுலயும் போடல."

ஆய்வாளர் சின்னக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பினார். பச்சைக்குள் எள்ளைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள். ஒன்றை நகத்தால் அழுத்தினார். மிளகுத் துணுக்கு போல நொறுங்கவில்லை; வழுக்கிக்கொண்டு போனது.

"கிவி விதை" என்றார்.

அண்ணியின் முகம் வெளுத்தது. "இந்த வீட்டுக்குள்ள கிவி வந்தே இருபது வருஷமாச்சு மேடம். அவளுக்கு ஆகாதுன்னு இந்த வீட்டுல காலு வெச்ச அன்னைக்கே எனக்குச் சொன்னாங்க."

திறந்திருந்த கதவுக்கு வெளியே பேச்சு தாழ்ந்தது. போன மாதம் நடந்த சண்டை எல்லோருக்கும் தெரியும். தையல் மெஷின் போட இடமில்லாமல் திண்டாடிய அண்ணி, "போறவ போகட்டும், அந்த ரூமாவது மிஞ்சும்" என்று சொன்னது அத்தை காதில் விழுந்து, அத்தை வழியாகச் சொந்தக்காரர்கள் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. இப்போது வாசலில் நின்று எல்லோரும் அவளைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் இருந்தது.

"நான் அப்படிச் சொன்னது தப்புதான்" என்றாள் அண்ணி, யாரும் கேட்காமலே. "அவ நல்லா இருந்தா போதும். என்னை என்ன வேணா சொல்லிக்கட்டும்."

ஆய்வாளர் கரண்டியால் கிண்ணத்தின் ஓரத்தை மெல்லக் கிளறினார். மேலே பச்சை. நடுவில் பழுப்புக் கோடுகள் சுருள் சுருளாக ஓடின.

"எத்தனை மணிக்குச் செஞ்சு முடிச்சீங்க?"

"பதினொண்ணு இருபது. தட்டு போட்டு மூடி வெச்சேன். பதினொண்ணரைக்கு நானும் அவரும் நாற்காலியும் ஐஸும் எடுத்துட்டு வரப் போனோம். திரும்பினப்போ ஒண்ணே முக்கால். வந்ததும் நேரா வெளியே எடுத்து வெச்சேன்."

"கிளறினீங்களா?"

"இல்ல. தட்டைத் திறக்கவே இல்ல. அவதான் திறந்தா."

3.10. புல்வெளியில் நின்ற அப்பாவை ஆய்வாளர் உள்ளே கூப்பிட்டார். அப்பா கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். ஒரு துளி தூசுகூட இல்லாமல் லென்ஸ் துடைக்கும் பொறுமைசாலி. இன்று அவர் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"பதினொண்ணரையில இருந்து வீட்டுல யார் சார் இருந்தாங்க?"

"நான், என் மனைவி. பாப்பா ரூம்ல துணி அடுக்கிட்டு இருந்தா."

"அம்மா?"

"அவகூட பெட்டி கட்டிட்டிருந்தா. ரூமை விட்டு வரவே இல்ல."

"நீங்க சமையலறைக்கு வந்தீங்களா?"

"தண்ணி குடிக்க."

"கிண்ணத்தைத் தொட்டீங்களா?"

"இல்ல."

ஆய்வாளர் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு, "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். உங்க மருமகளும் வரட்டும்" என்றார்.

4.30. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசல். கடைக்குட்டி கண் விழித்துவிட்டாள் என்று நர்ஸ் சொன்னாள். அம்மாவுக்கு அழுகை நிற்கவில்லை.

"என் தப்புதான். அவ அலர்ஜி ஊசியை எப்பவும் கைப்பையில வெச்சிருப்பா. மறந்துடக் கூடாதேன்னு நான்தான் எடுத்துப் பெரிய பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டினேன். அந்த நேரத்துல சாவி எங்கன்னே தெரியல. இவர் மட்டும் உடனே போன்ல சொல்லலன்னா என் பொண்ணு இல்ல."

"என்ன சொன்னாரு?" என்றார் ஆய்வாளர்.

"கிவின்னு சொன்னாரு. அதனாலதான் ஊசியைக் கையிலயே வெச்சுக்கிட்டு இறங்கினாங்களாம்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "நான் முதுகுல தட்டிட்டு நின்னேன். எனக்குத் தோணவே இல்ல."

ஆளுக்கொரு குற்றத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தார். அண்ணி வராந்தாவின் மறுகோடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

ஆய்வாளர் அப்பாவை ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், உங்க மருமக இதைச் செய்யல."

அப்பா நிமிர்ந்தார்.

"மசிச்ச அவகாடோ காத்து பட்டா பழுப்பாகிக் கறுக்கும். எலுமிச்சை இருந்தா மெதுவா, இல்லன்னா சீக்கிரம். சின்னக் கிண்ணத்துல எலுமிச்சை இல்ல. மேல்பக்கம் பழுப்பாகியிருக்கணும். ஆனா பழுப்பு உள்ளே சுத்திக்கிட்டுக் கிடக்கு. அதாவது ரெண்டு மணி நேரம்போல வெச்சு மேலே நிறம் மாறினதுக்கப்புறம் யாரோ திறந்து, எதையோ போட்டுக் கலக்கியிருக்காங்க. அந்த நேரத்துல மருமகளும் மகனும் வீட்டுல இல்ல. உங்க மனைவி ரூமை விட்டு வரலன்னு நீங்களே சொன்னீங்க."

"பாப்பாவே தெரியாம ஏதாவது..."

"இருபது வருஷமா கிவி நுழையாத வீடு. அவளுக்கு ஆகாதுன்னு உங்க மனைவிக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும். இருந்தும் அவங்க சிப்ஸ் மாட்டிக்கிச்சுன்னு நினைச்சாங்க, மயக்கம்னு நினைச்சாங்க. அதுதான் இயல்பு. கிண்ணத்துல கிவி இருக்குன்னு நான் விதையைப் பாத்துச் சொன்னது ரெண்டே முக்காலுக்கு. நீங்க ரெண்டு அஞ்சுக்கே போன்ல 'கிவி சாப்பிட்டுட்டா'ன்னு சொல்லிட்டீங்க. இருக்குமோன்னு சொல்லல. சாப்பிட்டுட்டான்னு சொன்னீங்க."

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தவளை தன் வாயால கெடும்பாங்க. நீங்க வாயைத் திறந்ததாலதான் பொண்ணு பிழைச்சா. அதையும் நான் எழுதித்தான் தருவேன்."

அப்பா பேசினார். "பாதிப் பழம்தான். காலைல கடைக்குப் பக்கத்துல வாங்கினேன். மீதியைத் தெருத் தொட்டியில போட்டேன். ஆறு வயசுல அவளுக்கு உதடு வீங்குச்சு, உடம்பெல்லாம் தடிப்பு வந்துச்சு. ஒரே நாள்ல சரியாப்போச்சு. அதே மாதிரி ஆகும்னு நினைச்சேன். முகம் வீங்கினா பிளைட்ல ஏத்த மாட்டாங்க. இன்னைக்கு ஒரு நாள் நின்னா, அப்புறம் பேசிப் பாக்கலாம்னு..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "மூணு வருஷம் மேடம்."

"ஒரு தடவை வந்த மாதிரியே மறுதடவையும் வரணும்னு இல்ல சார்."

"இப்ப தெரியுது."

"டாக்டர் கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். போலீஸ் வந்தாலும் அதேதான். அதுக்கு முன்னாடி உங்க பொண்ணு உங்க வாயால கேக்கணும்."

5.15. நர்ஸ் ஒவ்வொருவராக அனுமதித்தாள். அம்மா பார்த்துவிட்டு வந்ததும் அப்பா உள்ளே போனார்.

கடைக்குட்டியின் கண்ணிமைகள் இன்னும் வீங்கியிருந்தன. மூக்கில் குழாய். அவர் நின்றபடியே சொன்னார். எதையும் குறைக்கவில்லை. பழம் வாங்கிய இடம், கரண்டியால் மசித்தது, தட்டைத் திறந்தது, அவள் முதல் சிப்ஸைத் தொட்டெடுத்தபோது "வேண்டாம்" என்று சொல்ல நாக்கு எழாமல் நின்றது, எல்லாம்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் கரகரத்தது.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

"மாட்டேன். ஆனா நீங்க கேட்டிருக்கணும்."

அவர் அவள் கையைத் தொடப் போனார். அவள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அத்தை போன்ல சொன்னாங்கன்னு அம்மா சொன்னாங்க, எல்லாரும் அண்ணியைத்தான் சந்தேகப்பட்டாங்களாமே. அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான்."

"பேசாம நின்னீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னைக் கொல்லணும்னு நீங்க நினைக்கல. அது எனக்குத் தெரியும். ஆனா அவங்களை அப்படி நிக்க விட்டது தெரிஞ்சுதானே செஞ்சீங்க? முதல்ல அவங்ககிட்ட போங்க. எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

5.30. வராந்தாவின் நீளம் நாற்பது அடிகூட இருக்காது. அதைக் கடக்க அவருக்கு நிறைய நேரம் பிடித்தது. மனைவியும் மகனும் அவரைப் பார்த்தார்கள். அவர் நிற்கவில்லை. ஆய்வாளர் நோட்டை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருமகள் மாமனாரைக் கண்டதும் எழுந்தாள்.

"உக்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை. "கிவியைப் போட்டது நான்தான். அவ போகக் கூடாதுன்னு போட்டேன். எல்லாரும் உன்னைப் பாத்தப்போ வாயை மூடிட்டு இருந்தேன். என்னை மன்னிச்சிடும்மா."

மருமகள் அவர் முகத்தையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று அவர் காத்திருந்தார். அதற்குத் தயாராகவும் இருந்தார்.

"மத்தியானத்துல இருந்து எனக்கு ஒரே யோசனை மாமா" என்றாள் அவள் மெதுவாக. "எங்கேயோ தெரியாம நானே கலந்துட்டேனோன்னு. மாம்பழம் நறுக்கினது, கத்தி கழுவினதுன்னு ஒவ்வொண்ணா நினைச்சு நினைச்சுப் பாத்தேன். போட்டிருப்பேன்னே முடிவு பண்ணிட்டேன்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அப்பா பக்கத்தில் உட்காரலாமா, போய்விடலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.