உறை பிரிக்காத புத்தகங்கள்

மெஹ்ரோனாவின் பள்ளியில் அருமையான மொழிக்கூடம் ஒன்று இருந்தது. நாற்காலிகளில் ஒரு கீறல் இல்லை. கம்பளத்தில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அலமாரியில் முப்பது ருஷ்யப் பாடப் புத்தகங்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பளபளத்தன. காரணம் எளிது. மாணவர்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை.

"பசங்களை விட்டா ஒரே வாரத்துல நாசம் பண்ணிடுவாங்க. அப்புறம் விருந்தாளிங்களுக்கு என்னத்தைக் காட்டுறது?" என்பார் தலைமை ஆசிரியர் நசருல்லோ.

தஜிகிஸ்தானின் அந்த மலையூரில் பாதி வீடுகளின் அப்பாக்கள் ருஷ்யாவில் கட்டட வேலை பார்த்தார்கள். ருஷ்ய மொழி ஆசிரியையும் போன வருடம் அங்கேயே போய்விட்டார், கடை பெருக்க. பள்ளிச் சம்பளத்துக்கு அது மேல். அவர் இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. மொழி விழா மட்டும், நகரத்து விருந்தாளிகளோடு, வருடம் தவறாமல் வந்தது.

இந்த விழாவுக்காக மெஹ்ரோனாவும், பதினோராம் வகுப்பு படிக்கும் அவள் அண்ணன் ஜம்ஷெத்தும், மற்றப் பிள்ளைகளும் ஒரு ருஷ்ய வரவேற்புப் பாட்டை மனப்பாடம் செய்தார்கள்.

"இதுக்கு என்ன அர்த்தம், முஅல்லிம்?" என்று மெஹ்ரோனா நசருல்லோவைக் கேட்டாள். ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"அர்த்தம் விருந்தாளிங்களுக்குத் தெரியும். நீ சிரிச்ச முகமா பாடு, போதும்."

விழா நாள் காலை. ஜம்ஷெத் முன்னதாகவே போய்விட்டான். மெஹ்ரோனா பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது, ருஷ்யாவில் இருந்த அப்பாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அப்பா இல்லை. ஒரு பெண், படபடவென்று ருஷ்ய மொழியில்.

"நீதானே பள்ளிக்கூடம் போற, பேசுடி," என்று அம்மா தொலைபேசியை நீட்டினாள்.

மெஹ்ரோனாவுக்கு மூன்று சொற்கள்தான் பிடிபட்டன. ஒன்று அப்பாவின் பெயர். இன்னொன்று ஆஸ்பத்திரிக்கான ருஷ்யச் சொல், கெட்ட செய்திகளோடு வந்து வந்து ஊருக்கே தெரிந்துபோனது. மூன்றாவது, பென்சிலின்.

அம்மாவின் முகம் வெளுத்தது. "அந்த ஊசி அவருக்கு ஆகவே ஆகாது. முன்னாடி ஒரு தடவை போட்டு மூச்சே நின்னுபோச்சு. போடாதீங்கன்னு சொல்லுடி."

மெஹ்ரோனா வாயைத் திறந்தாள். வரவேற்புப் பாட்டுதான் வந்தது. வாயை மூடிக்கொண்டு, அழைப்பைத் துண்டிக்காமலே தொலைபேசியோடு பள்ளிக்கு ஓடினாள்.

வாசலில் நசருல்லோ விருந்தாளிகளை வரவேற்க ரொட்டித் தட்டோடு நின்றிருந்தார். விருந்தாளிகள் அப்போதுதான் காரைவிட்டு இறங்கினார்கள்.

"முஅல்லிம், அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. பென்சிலின் போடக் கூடாதுன்னு இவங்ககிட்ட சொல்லுங்க."

தொலைபேசியை நீட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள். நசருல்லோ அதை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்பீரமான ருஷ்யத்தில் பேசினார்: "அன்புக்குரிய விருந்தினர்களே, எங்கள் மண்ணுக்கு நல்வரவு."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"லைன் சரியில்லைம்மா," என்று திருப்பிக் கொடுத்தார்.

பாட்டுக்குழுவில் நின்ற ஜம்ஷெத்தை மெஹ்ரோனா பார்த்தாள். "எனக்கும் பாட்டுதான் தெரியும்," என்றான் அவன்.

விருந்தாளிகள் பார்ப்பதற்காக அன்று மொழிக்கூடம் திறந்திருந்தது. மெஹ்ரோனா சேற்றுக் காலோடு உள்ளே ஓடினாள். ஒரு புத்தகத்தை எடுத்து உறையைப் பல்லால் கிழித்தாள். தஜிக்கும் ருஷ்யமும் கிட்டத்தட்ட ஒரே எழுத்துதான், வாசிக்க முடியும். பக்கத்திலேயே தஜிக் அர்த்தமும் இருந்தது. பதினான்காம் பாடம்: 'மருத்துவரிடம்'.

அப்பாவின் எண்ணை அழைத்தாள். அதே பெண்தான் எடுத்தாள்.

"என்... அப்பாவுக்கு..." மெஹ்ரோனா விரலை வைத்து வைத்துப் படித்தாள். "இந்த மருந்து... கூடாது. பென்சிலின்... கூடாது."

அந்தப் பெண் ஏதோ வேகமாகக் கேட்டாள். மெஹ்ரோனா பக்கத்தைப் புரட்டி, "மெதுவாக" என்ற சொல்லைக் கண்டுபிடித்துச் சொன்னாள். இப்போது அந்தக் குரல் நிதானமானது.

"பென்சிலின், கூடாதா?"

"கூடாது. கூடாது. கூடாது."

பின்னால் கைதட்டல் கேட்டது. விருந்தாளிகள் கதவருகே நின்றிருந்தார்கள்.

"இது எங்க நேரடிப் பாடம்," என்றார் நசருல்லோ. "எவ்வளவு தத்ரூபமா அழுறா, பாருங்க."

அப்பா பிழைத்தார். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்ததில் நசுங்கிய கால் பிழைக்கவில்லை. இனி அவரால் அங்கே வேலை செய்ய முடியாது. பள்ளி முடிந்ததும் அவர் இடத்துக்கு ஜம்ஷெத் போவதென்று வீட்டில் முடிவானது. அவனை யாரும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நசருல்லோ சாவிக்கொத்தோடு மொழிக்கூட வாசலில் நின்றார்.

"கம்பளத்துல சேறு. புத்தகத்துல உறை இல்ல. யாரு பொறுப்பு?"

"நான்தான், முஅல்லிம். கம்பளத்தை நானே துவைச்சுடறேன். ஆனா மத்த புத்தகத்து உறையையும் கிழிக்கணும்."

"எதுக்கு?"

மெஹ்ரோனா திரும்பிப் பார்த்தாள். நடையில் பிள்ளைகள் கூடிவிட்டிருந்தார்கள்.

"இவங்க எல்லார் வீட்டுலயும் ஒருத்தர் ருஷ்யாவுல இருக்காங்க. உங்க பையனும் அங்கதானே இருக்காரு, முஅல்லிம்? அவருக்கு ருஷ்யம் வருமா?"

நசருல்லோ பூட்டில் நுழைத்த சாவியைத் திருப்பவில்லை.

"பாட்டு தெரியும்," என்றார் கடைசியில்.

சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

பிளாஸ்டிக் கிழியும் சத்தம் நடை முழுவதும் கேட்டது. ஜம்ஷெத் முழங்கால் இடிக்கச் சின்ன மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பக்கங்களை அவசரமாகப் புரட்டினான்.

"'வலிக்குது'ங்கிறது எந்தப் பக்கம்?"

"அது பின்னாடி வருது, அண்ணா." மெஹ்ரோனா முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். "முதல்ல 'என் பேரு ஜம்ஷெத்'னு சொல்லு."

அவன் எழுத்துகளுக்கு அடியில் விரலை வைத்து, சொன்னான்.