ஆர்விட் வீட்டின் இரண்டாவது சுவிட்ச்

அந்தப் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, செத்துப்போன ஆர்விட் நிக்விஸ்டின் வீட்டு வாசலில் என் வேனை நிறுத்தினேன். ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. பனி இன்னும் விழவில்லை, ஆனால் வானம் பிழியாத துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் தேங்க்ஸ்கிவிங், அமெரிக்கா முழுக்க வீட்டுக்கு வீடு விருந்து. எங்கள் விஸ்கான்சினில் குழாய் வேலைக்காரர்களுக்கு அந்த வாரம் மூச்சுவிட நேரம் இருக்காது. ஊரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவும். சீவிய தோலை எல்லாம் சிங்க்கில் தள்ளி, அடியில் இருக்கும் டிஸ்போசல் என்ற அரவை இயந்திரம் அரைத்துவிடும் என்று நம்பும். அது மூச்சடைத்து நின்றதும் என்னைக் கூப்பிடும். "ரோவீனா, கொஞ்சம் வாயேன்" என்று. தோலைக் குப்பையில் போடுங்கள் என்று முப்பத்திரண்டு வருடமாகக் கத்துகிறேன். யார் காதில் விழுகிறது?

அழைப்பு மணியை அழுத்தினேன். சத்தம் எதுவும் வரவில்லை. உள்ளே விளக்குகள் மட்டும் மூன்று முறை மின்னி அணைந்தன.

கதவைத் திறந்தவள் கோரின். அவளும் அவள் புருஷன் டீக்கும் செப்டம்பரில்தான் இந்த வீட்டை வாங்கியிருந்தார்கள். டீக்குக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கோரினுக்குக் கேட்கும். அவள் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. வீட்டிலும் சரி, பள்ளியிலும் சரி, அவள் பேசுவது பெரும்பாலும் கையால்தான்.

"மணி அடிச்சா லைட்டு எரியற மாதிரி நாங்கதான் மாத்தினோம்" என்று சிரித்தாள். "உள்ள வாங்க ரோவீனா. நாளைக்குப் பதினாலு பேர் சாப்பிட வர்றாங்க. எங்கம்மாவும் வருது. இது இன்னைக்குப் பார்த்து உயிர விட்டுருச்சு."

சமையலறையில் புளித்த வாடை அடித்தது. குனிந்து பார்த்தேன். நானே மாட்டிய இயந்திரம்தான், பதினோரு வருடத்துக்கு முன்னால். மோட்டார் எரிந்துபோயிருந்தது.

"புதுசு போட்ருங்க" என்றாள் கோரின். "ஆனா இந்த மூடி வச்சது வேணவே வேணாம். மூடிய வச்சு, திருகி, அப்புறம்தான் ஓடுமாம். என்ன கொடுமைங்க இது! எங்கம்மா வீட்ல சுவர்ல சுவிட்சத் தட்டினா ஓடும். அதப் போடுங்க."

டிஸ்போசலில் இரண்டு வகை உண்டு. சுவிட்ச் வைத்ததற்கு வாய் எப்போதும் திறந்தே இருக்கும். சுவரில் சுவிட்சைத் தட்டினால் ஓடும். மூடி வைத்தது அப்படி இல்லை. வாயை மூடித் திருகினால்தான் ஓடும், கை உள்ளே இருந்தால் ஓடவே ஓடாது. பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்காரர்கள் சுவிட்சைத்தான் கேட்பார்கள். ஆர்விட் மட்டும் என்னிடம் மூன்று முறை மாற்றினார், மூன்று முறையும் மூடிதான். ஏன் என்று கடைசி முறைதான் சொன்னார்.

ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. இதே மாதிரி தேங்க்ஸ்கிவிங்குக்கு முதல் நாள். அவர் மனைவி ஹெட்டா உருளைக்கிழங்கு சீவும்போது மோதிரம் கழன்று உள்ளே விழுந்துவிட்டது. கையை விட்டுத் தேடியிருக்கிறாள். வெளியே மப்பும் மந்தாரமும், உள்ளே இருட்டு. "கொஞ்சம் லைட்டப் போடுங்க, ஒண்ணும் தெரியல" என்றாளாம். சிங்க்குக்கு வலப்பக்கச் சுவரில் ஒரே மாதிரி இரண்டு சுவிட்ச். ஒன்று விளக்குக்கு. ஒன்று டிஸ்போசலுக்கு.

ஆர்விட் அவசரத்தில் மாற்றித் தட்டிவிட்டார்.

"அவளுக்கு வெளிச்சம் வேணும்னுதான் தட்டினேன் ரோவீனா. வேற எதுக்கு?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கைப்புண் ஆறாமலே ஹெட்டா அடுத்த பிப்ரவரியில் செத்துப்போனாள். அவர் அந்த இரண்டாவது சுவிட்சைப் பிடுங்கிப் போட்டு, ஓட்டையை வெறும் தகட்டால் மூடினார். "எனக்கப்புறம் யார் வந்தாலும் இந்த வீட்டுல மூடி வச்சதுதான். சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

இந்த வருடம் ஏப்ரலில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது என் வேனில் சுவிட்ச் வகைதான் இருந்தது. மூடி வகை திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள் கடையில். கோரின் கெஞ்சுகிறாள். நாளைக்குப் பதினாலு பேர். செத்தவர் வந்து கேட்கவா போகிறார் என்று நினைத்தேன். ஆமாம், அப்படியே, இந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன். இந்தப் பாழாய்ப்போன புத்தியை எதால் அடிப்பது?

"சரி, சுவிட்ச்சே போட்டுடறேன்" என்றேன்.

சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்துப் பழைய இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேலே கோரின் சிங்க்கில் கையை விட்டு எதையோ எடுக்கும் சத்தம் கேட்டது.

டக்.

மேலே விளக்கு எரிந்தது. தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். கோரினின் இரண்டு கையும் சிங்க்கில்தான் இருந்தது, சுவிட்சை யாரும் தொடவில்லை.

அடுத்த அறையில் மேசை விரித்துக்கொண்டிருந்த டீக் வாசலில் வந்து நின்று, புருவத்தைத் தூக்கிக் கையால் எதையோ கேட்டான். கோரின் கையால் பதில் சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"எதுக்குக் கூப்பிட்டேன்னு கேக்கறான். நாங்க ஒருத்தர ஒருத்தர் கூப்பிடணும்னா லைட்டத்தான் தட்டுவோம். காது கேக்காதவங்க வீட்டுல அதான் வழக்கம். வந்த நாள்லேர்ந்து இதே கூத்துதான். அவன் நான் கூப்பிட்டேங்கறான், நான் அவன் கூப்பிட்டாங்கறேன். நான் சிங்க்குல கைய விட்டாப் போதும், உடனே லைட்டு எரியும்."

"நீ தட்டலையா?"

"என் கை ரெண்டும் சிங்க்குலல்ல இருந்துச்சு!"

டீக் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னான். கோரின் வெடித்துச் சிரித்தாள். "வேலைக்கு வந்தவங்க தூக்கத்துல சுவிட்சத் தட்டறாங்களாங்கறான்."

நானும் சிரித்து வைத்தேன். பழைய சுவிட்ச், உள்ளே சுருள்வில் தளர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை.

வெறும் தகட்டின் திருகுகளைக் கழற்றினேன். ஐம்பது வருடப் பெயின்ட் உதிர்ந்தது. தகடு வந்ததும் சுவரின் ஓட்டையிலிருந்து ஒரு வாடை என் முகத்தில் அடித்தது. அப்போதுதான் சீவிய உருளைக்கிழங்குத் தோலின் வாடை. பச்சையாக, ஈரமாக. கோரின் அதுவரை ஒரு கிழங்கைக்கூடச் சீவவில்லை.

புது இயந்திரத்தை மாட்டி, ஒயரை இணைத்துப் புதுச் சுவிட்சைப் பொருத்தினேன். தட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. அணைத்தேன். பழைய இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது சமையலறை வாசலில் என் கால்கள் நின்றுவிட்டன.

கோரின் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். எல்லாப் பெண்களும் செய்வது மாதிரி, மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். டீக் அவளுக்குப் பக்கத்தில், சுவர் ஓரமாக நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான். ஜன்னல் மூடியிருந்தது. காற்றே இல்லை.

மோதிரம் உருண்டது.

விளிம்பிலிருந்து விழுந்து, சிங்க்கில் ஒரு சுற்று சுற்றி, நேராக அந்தத் திறந்த வாய்க்குள் இறங்கியது. கிணிங் என்று ஒலித்தது.

"அய்யோ!" கோரின் யோசிக்கவே இல்லை. மணிக்கட்டு வரை வலக்கையை உள்ளே விட்டாள்.

டக்.

விளக்கு எரிந்தது. முதல் சுவிட்ச் மேலே ஏறி நின்றது. எந்த விரலும் அதைத் தொடவில்லை.

பக்கத்திலிருந்த இரண்டாவது சுவிட்ச் அசைந்தது.

மெதுவாக. வயதானவர்கள் இருட்டில் தடவுவார்களே, அப்படி. ஒரு மயிரிழை மேலே போனது. நின்றது. இன்னொரு மயிரிழை.

டீக் அதைப் பார்த்துவிட்டான். விளக்கையும் சுவிட்சையும் பார்த்தே வளர்ந்தவன் அவன். பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கட்டைவிரலாலும் அந்தச் சுவிட்சைக் கீழே அழுத்தினான். அவன் நகங்கள் வெளுத்தன. தோள் நடுங்கியது. ஒரு திடமான ஆண்பிள்ளை முழு பலத்தையும் போட்டு அழுத்துகிறான். அது அவன் விரல்களைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது.

பாத்திரம் விழுந்த சத்தத்தில் கோரின் திரும்பினாள். கை இன்னும் உள்ளேதான் இருந்தது.

டீக்கின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. அவனுடைய வார்த்தைகள் எல்லாம் கையில் இருந்தன, கைகளோ சுவிட்சின் மேல் இருந்தன. சொல்ல வேண்டுமென்றால் விட வேண்டும். விட்டால்...

"என்னடா? என்ன ஆச்சு?" கோரின் இடக்கையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "கைய எடுத்துச் சொல்லு டீக்! கைய எடு!"

அவன் தலையை வேகமாக ஆட்டினான். கண்ணில் நீர் வழிந்தது.

நான் வாசலிலிருந்தே கத்தினேன்.

"கோரின்! கைய வெளிய எடு!"

"மோதிரம் கிடைச்சிருச்சு, ஆனா வரமாட்டேங்குது..." இறுக்கிய கைமுட்டி டிஸ்போசல் வாயின் ரப்பர் வளையத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

"மோதிரத்த விடுடி! விட்டுத் தொல!"

அவள் விரல்களை விரித்தாள். நான் பாய்ந்துபோய் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம்.

டீக்கின் கட்டைவிரல் வழுக்கியது.

டிஸ்போசல் அலறியது. மோதிரம் உள்ளே கடகடவென்று அடிபட்டு, நசுங்கி, மாட்டிக்கொண்டது. மோட்டார் உறுமி நின்றது. அதன் பிறகு அந்தச் சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை.

அப்போது என் இடது காதுக்கு மிக அருகில் ஒரு குரல் கேட்டது. எனக்குத் தெரிந்த குரல். கோபமில்லை அதில், கெட்ட எண்ணமும் இல்லை. ஆசையாகத்தான் கேட்டது.

"இப்பத் தெரியுதா, ஹெட்டா?"

கோரினின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருந்தது. டீக் மட்டும் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

கோரின் பத்து விரலையும் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு அந்த விரல்களால் டீக்கிடம் ஏதோ சொன்னாள். நீளமாக, நடுங்கி நடுங்கி. அவன் அவள் கைகளைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. நான்தானே போட்டேன் அந்தச் சுவிட்சை? அவரிடம் செய்த சத்தியத்தை ஒரு நாள் வேலைக்காக விட்டவள் நான்தானே?

மின்சாரத்தை மொத்தமாக நிறுத்திவிட்டு, அந்த இரண்டாவது சுவிட்சைப் பிடுங்கி என் கருவிப்பெட்டிக்குள் எறிந்தேன். ஓட்டையைத் தகட்டால் மூடினேன். ஆர்விட், ஹெட்டா கதையை அவர்கள் இருவரிடமும் சொன்னேன். மறுநாள் பதினாலு பேரும் சிங்க்கில் எச்சில் தட்டைக் கழுவாமலே சாப்பிட்டுப் போனார்களாம். திங்கட்கிழமை மூடி வகையை மாட்டிக் கொடுத்தேன். டீக்கின் கட்டைவிரல்களில் சுவிட்சின் தடம் நீலமாகக் கன்றியிருந்தது. இப்போது அவர்கள் விளக்கைத் தட்டிக் கூப்பிடுவதில்லை. தரையில் காலைத் தட்டிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

"இப்பல்லாம் சிங்க்குல கைய விட்டா லைட்டு எரியறதில்ல ரோவீனா" என்றாள் கோரின், வாசல் வரை வந்து. "போயிட்டார் போல."

எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். தனியாக இருப்பவள் நான். என் வீட்டிலும் சுவிட்ச் வகைதான்; தேக்கரண்டி ஒன்று நழுவி டிஸ்போசலுக்குள் விழுந்தது. கையை விட்டேன்.

டக்.

என் சமையலறை விளக்கு எரிந்தது.

கையை வெளியே எடுத்து, தரையில் உட்கார்ந்து, சுவரில் இருந்த என் இரண்டு சுவிட்சையும் பார்த்தேன். மூலையில் என் கருவிப்பெட்டி இருந்தது. அதற்குள் அந்த வீட்டுச் சுவிட்ச் இருந்தது. மறந்தே போயிருந்தேன்.

அதை ஏரியில் எறிந்துவிட்டேன். என் வீட்டிலும் மூடி வகையை மாட்டிவிட்டேன். இரண்டாவது சுவிட்சைப் பிடுங்கி, தகடு வைத்து மூடிவிட்டேன். ஒன்றும் மாறவில்லை. இன்றும் நான் சிங்க்கில் கையை விட்டால் விளக்கு தானாக எரிகிறது. "தெரியுது ஆர்விட், நல்லாத் தெரியுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து, தகட்டுக்குப் பின்னால், சுவிட்சே இல்லாத அந்த இடத்தில் கேட்கும்.

டக்.